கூகுள் கிளாஸ்ரூம் பயிற்சி: ஆசிரியர், பெற்றோர் சந்தேகங்களும் விளக்கங்களும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் எந்தப் பயிற்சியும் இல்லாமல்தான் ஆன்லைன் வகுப்பில் இறங்கினார்கள். மகனிடமும் மகளிடமும் கேட்டார்கள்; யூடியூப் பார்த்து ராத்திரியில் கற்றுக்கொண்டார்கள். பள்ளிகள் திறந்ததும் அன்று பிடித்த பல செயலிகள் கைவிட்டுப் போயின. கூகுள் கிளாஸ்ரூம் மட்டும் பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தங்கிவிட்டது. வீட்டுப்பாடம் கொடுக்கவும் வாங்கவும் திருத்தவும் மதிப்பெண் போடவும் அது இன்றும் உதவுகிறது. அதற்கென்று முறையான பயிற்சிகளும் நடக்கின்றன. பயிற்சிக்குப் போகும் ஆசிரியர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

கிளாஸ்ரூம் என்றால் ஜூம், மீட் மாதிரி நேரலை வகுப்புதானே?

இல்லை. நேரலையில் பாடம் நடத்த மீட் என்ற தனிக் கருவி இருக்கிறது. அதன் இணைப்பைக் கிளாஸ்ரூமுக்குள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கிளாஸ்ரூம் செய்வது வகுப்பு நிர்வாகம். பாடப்பொருளை ஏற்றி வைப்பது, ஒப்படைப்பு கொடுப்பது, கெடு வைப்பது, யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று பார்ப்பது, திருத்தித் திருப்பித் தருவது. 2014 ஆகஸ்டில் கல்வி நிறுவனக் கணக்குகளுக்காக வெளிவந்தது. 2017 முதல் சாதாரண ஜிமெயில் கணக்கு இருந்தாலே வகுப்பு தொடங்கலாம் என்றானது. பள்ளி நேரம் முழுக்க நேரில் நடந்தாலும் இதற்கு வேலை இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவே போதாதா? எல்லாப் பெற்றோரும் அதில்தானே இருக்கிறார்கள்?

செய்தி சொல்ல வாட்ஸ்அப் போதும். நாளை விடுமுறை, பி.டி.ஏ. கூட்டம் மூன்று மணிக்கு என்பதற்கெல்லாம் அதைவிட வேகமான வழி இல்லை. வீட்டுப்பாடத்தை அதில் வாங்கத் தொடங்கினால்தான் சிக்கல். நாற்பது பிள்ளைகள் ஆளுக்கு மூன்று படம் அனுப்பினால் ஒரே நாளில் நூற்றிருபது படங்கள். எது யாருடையது என்று தேடுவதிலேயே மாலைப்பொழுது போய்விடும். அடுத்த வாரம் போன் ‘மெமரி ஃபுல்’ என்று சொல்லும்.

அதைவிடப் பெரிய சிக்கல்கள் இரண்டு. முதலாவது, ஆசிரியரின் சொந்த எண் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அழைப்பு வருகிறது என்று ஆசிரியைகள் பலர் வருந்துகிறார்கள். இரண்டாவது, ஒரு பிள்ளையின் தவறு எல்லோர் கண்ணிலும் படுகிறது. குழுவில் வந்த விடையைக் குழுவிலேயே திருத்தினால் அந்தப் பிள்ளைக்கு அது அவமானம். மறுமுறை அனுப்பத் தயங்கும். கிளாஸ்ரூமில் ஒவ்வொரு ஒப்படைப்பிலும் தனிக் குறிப்பு எழுத இடம் உண்டு. அதை அந்த மாணவரும் அவருடைய ஆசிரியர்களும் மட்டுமே பார்ப்பார்கள். இந்த ஒரு வசதிக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஆசிரியருக்குக் கைக்கணினி கொடுத்தாயிற்று, பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. தனியாகப் பயிற்சி எதற்கு?

கருவி கைக்கு வந்தால் கற்பித்தலும் தானாக மாறிவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. தென் அமெரிக்காவின் பெரு நாடு ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைக் கிராமப்புறப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. கணினிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மாணவர்களின் தேர்ச்சியில் அதன் தடயமே இல்லை. அந்தக் கணினியை வைத்து எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதில் ஆசிரியர்களுக்குக் கிடைத்த துணை மிகக் குறைவு. நம் ஊரிலும் கருவிக்குப் பணம் ஒதுக்குவது சுலபமாக நடக்கிறது. பயிற்சிக்கான நேரத்தை ஒதுக்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வட்டார வள மையத்தில் ஒரு நாள் பயிற்சி போதுமா?

போதாது. காரணம் சொல்ல, அந்த ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால் போதும். அறுபது பேர், ஒரு புரொஜெக்டர், ஒரு வைஃபை. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்ப்பார்கள்; இணைப்பு திணறும். ஜிமெயில் பாஸ்வேர்டு பலருக்கு நினைவில் இருக்காது. புதுப் பாஸ்வேர்டு போட ஓ.டி.பி. கேட்கும், அது வீட்டில் இருக்கும் கணவர் எண்ணுக்கோ, எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்கோ போகும். காலை அமர்வு இதிலேயே கரைந்துவிடும். மதியம் கருத்தாளர் திரையில் செய்துகாட்டுவார். ஆசிரியர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் நாலு நாள் கழித்துத் திறந்தால் அந்தக் குறிப்பும் திரையும் ஒத்துப்போகாது.

கருத்தாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாநில அளவில் கற்றவர் மாவட்டத்துக்கும், அவரிடம் கற்றவர் வட்டாரத்துக்கும் சொல்லித்தரும் அடுக்குமுறையில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்ந்து, கடைசியில் ஸ்லைடுகள்தான் வந்து சேர்கின்றன. கேள்வி கேட்கும் நேரமும் செய்து பார்க்கும் நேரமும் நடுவழியிலேயே போய்விடுகின்றன.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். விளக்கிச் சொல்வதும் செய்துகாட்டுவதும் ஆசிரியருக்குப் புரிதலைத் தரும். வகுப்பில் அவர் அதைச் செய்வது மிகக் குறைவாகவே நடக்கும். பயிற்சி முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பிறகு சக ஆசிரியர் ஒருவர் கூடவே இருந்து, பார்த்து, பேசி, உதவினால்தான் புதுப்பழக்கம் வகுப்பறைக்குள் நிலைக்கும். கிளாஸ்ரூம் போன்ற கருவிகள் வருவதற்கு முன் சொன்னது இது. இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

அப்படியானால் பயிற்சியை எப்படி வைக்கலாம்?

ஒரே நாளில் ஆறு மணி நேரம் வைப்பதைவிட, ஒன்றரை மணி நேரமாகப் பிரித்து வாரம் ஒன்று வைக்கலாம். இடைப்பட்ட நாட்களில் ஒரே ஒரு வேலை, சொந்த வகுப்பில் செய்து பார்க்க வேண்டும். பாஸ்வேர்டு, ஓ.டி.பி. விவகாரங்களை முதல் அமர்வுக்கு முன்பே, பள்ளியிலேயே முடித்துவிட வேண்டும்.

ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராக உட்காரட்டும். ஒருவர் தொடங்கிய வகுப்பில் மற்றவர் மாணவராகச் சேரட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். ஒருவர் கொடுக்கும் ஒப்படைப்பு மாணவர் போனில் எப்படித் தெரிகிறது, ‘சமர்ப்பி’ பட்டன் எங்கே இருக்கிறது, மதிப்பெண் எப்போது வந்து சேர்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். ஆசிரியர் திரையை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு, ‘டீச்சர், எனக்கு வரலை’ என்று பிள்ளை சொல்லும்போது என்ன நடந்திருக்கும் என்றே ஊகிக்க முடியாது.

அடுத்த திங்கட்கிழமை நடத்தப்போகும் பாடத்தையும் கையோடு கொண்டுவர வேண்டும். யாரோ தயாரித்த மாதிரிப் பாடத்தை வைத்துப் பழகினால் அது பயிற்சி அறையோடு நின்றுவிடும்.

பள்ளியின் கணினி ஆசிரியரே எல்லோருக்கும் சொல்லித்தரலாமே?

தொடங்கி வைக்கலாம். கணக்கு உருவாக்குவது, ஆட்களைச் சேர்ப்பது இதற்கெல்லாம் அவரே சரியான ஆள். ஆனால் அதற்கு மேல் அவர் மட்டும் போதாது. புண்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இரு பேராசிரியர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று ஆசிரியர் கல்வியில் பெரிதும் பேசப்பட்டது. பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் சேரும் இடத்தில்தான் ஆசிரியரின் திறன் இருக்கிறது என்பது அதன் சாரம். கருவி ஒன்றுதான், அதில் செய்ய வேண்டியது பாடத்துக்குப் பாடம் வேறு.

தமிழாசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். மனப்பாடப் பாடலை நாற்பத்தைந்து பிள்ளைகளிடம் ஒப்புவிக்கச் சொன்னால் ஒரு பீரியட் போதாது. கடைசி வரிசை தப்பித்துவிடும். பாடலைச் சொல்லிப் போனில் பதிவு செய்து கிளாஸ்ரூமில் ஏற்றச் சொன்னால், ஆசிரியர் ஒவ்வொரு குரலையும் நிதானமாகக் கேட்கலாம். எந்த அடியில் ‘ழ’ நழுவுகிறது, எங்கே மூச்சு முட்டிச் சீர் உடைகிறது என்று தனிக் குறிப்பில் எழுதலாம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழகாகச் சொல்லியிருப்பதைக் கேட்கும் வாய்ப்பும் உண்டு. இதைக் கணினி ஆசிரியர் சொல்லித்தர முடியாது; இன்னொரு தமிழாசிரியர்தான் சொல்ல வேண்டும். கணக்கு ஆசிரியருக்கு விடையைவிட வழிமுறைதான் தேவை. நோட்டில் போட்ட கணக்கைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதே அவருக்குச் சரிப்படும். ஆகவே பாடவாரியாகக் குறுவள மையக் கூட்டங்களில் இந்தப் பயிற்சியை வைப்பது நல்லது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்களால் இதெல்லாம் முடியுமா?

முடியும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுகிறவர்கள், யு.பி.ஐ.யில் பணம் அனுப்புகிறவர்கள், திக்‌ஷாவில் நிஷ்டா ஆசிரியர் பயிற்சிகளை முடித்தவர்கள் அவர்களும்தான். மாணவர் முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற கூச்சம் அவர்களைத் தடுக்கிறது; இளைய ஆசிரியர் தோள்மேல் சாய்ந்து மவுஸைப் பிடுங்கித் தானே செய்துவிடுவது அதைவிட அதிகமாகத் தடுக்கிறது. சொல்லித்தருகிறவர் தன் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர் யாரும் இல்லாத ஒரு வெற்று வகுப்பைத் தொடங்கி, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் தப்புச் செய்து பார்க்க விட வேண்டும்.

எந்த இடங்களில் ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்?

இரண்டு இடங்களைக் கட்டாயம் பயிற்சியிலேயே செய்து பார்க்க வேண்டும்.

வினாத்தாளைக் கூகுள் டாக்ஸ் கோப்பாக இணைக்கும்போது மூன்று தேர்வுகள் வரும்: மாணவர் பார்க்க மட்டும், மாணவர் திருத்தலாம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு படி. இரண்டாவதைத் தெரியாமல் தட்டிவிட்டால் வகுப்பு முழுவதும் ஒரே தாளில் எழுதத் தொடங்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பார். அரை மணி நேரத்தில் தாள் கந்தல். தனித்தனியாக எழுத வேண்டுமானால் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்படைப்பை வெளியிடுவதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

அடுத்தது மதிப்பெண். எண்ணைத் தட்டியதும் மாணவருக்குப் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். அது வரைவு மதிப்பெண்தான். ‘திருப்பி அனுப்பு’ என்பதை அழுத்தினால்தான் மாணவருக்குத் தெரியும். ‘பத்து நாளாச்சு, டீச்சர் இன்னும் திருத்தவே இல்லை’ என்று பெற்றோர் குறைப்படும் பல நேரங்களில் ஆசிரியர் எல்லாவற்றையும் திருத்தி முடித்திருப்பார். இந்த ஒரு பட்டன்தான் பாக்கி.

கெடு தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரம் குறிப்பிடாவிட்டால் இரவு 11.59 என்று அதுவே எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் நள்ளிரவுவரை விழித்திருக்க அதுவே காரணமாகிவிடக் கூடாது. மாலை ஏழு மணி என்று கையால் மாற்றி வையுங்கள்.

என் பழைய வினாத்தாளை ஏற்றினால் தமிழுக்குப் பதில் ஏதோ ஆங்கில எழுத்தாக வருகிறதே?

அது கிளாஸ்ரூமின் கோளாறு இல்லை. டி.டி.பி. மையத்தில் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த தாளாக இருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் வினாத்தாள் கோப்புகள் பல இன்னும் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம். அவசரமென்றால் பி.டி.எஃப். ஆக்கி ஏற்றிவிடுங்கள். பார்க்க முடியும், திருத்த முடியாது. புதிதாகத் தட்டச்சு செய்வதாக இருந்தால் போன் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, பேசியே எழுதலாம்; ஒற்றுப்பிழையை மட்டும் பிறகு பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் சேர்ந்தவர்கள் பட்டியலில் ‘அம்மா போன்’, ‘ஸ்ரீமுருகன் டிராவல்ஸ்’ என்றெல்லாம் வருகிறதே, யார் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளை வீட்டுப் போனில் இருக்கும் கணக்கிலேயே நுழைவதால் வரும் குழப்பம் இது. பள்ளிகளுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸ் சேவையின் அடிப்படைப் பதிப்பு, தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். பள்ளி விண்ணப்பித்துப் பெற்று, ஒவ்வொரு மாணவருக்கும் பெயரும் வகுப்பும் உள்ள கணக்கைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அண்ணன் தம்பி ஒரே போனில் படித்தாலும் இரண்டு கணக்குகளையும் அதில் சேர்த்து மாற்றி மாற்றி வரலாம்.

அதுவரைக்கும், முதல் ஒப்படைப்பாகப் பெயர், வரிசை எண், பிரிவு மூன்றையும் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்து ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டால் ஆண்டு முழுக்க உதவும்.

போனே இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

பயிற்சிகளில் இந்தக் கேள்வியைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதலில் பேச வேண்டியதே இதைத்தான். 2021ஆம் ஆண்டின் ஏசர் கல்வி ஆய்வறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளில் 67.6 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அப்படிப் போன் இருந்த வீடுகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்குத்தான் படிப்புக்காக அது எப்போதும் கிடைத்தது. இன்னொரு கால் பங்குப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை. வேலைக்குப் போகும் அப்பாவோடு போனும் போய்விடும். ராத்திரி வந்தால் சார்ஜ் இருக்காது, அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். போன் தங்கையிடம் வருவதற்குள் அண்ணன் முந்திக்கொள்வான்.

ஆகவே, ஆன்லைனில் மட்டுமே செய்யக்கூடிய எதற்கும் மதிப்பெண் வைக்கக் கூடாது. வளரறி மதிப்பீட்டுக்கான வேலை என்றால், நோட்டில் எழுதிக் கொடுத்தாலும் அதே மதிப்பெண் என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் போன் இல்லாத பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையிலோ மாலையிலோ நேரம் குறித்துக் கொடுக்கலாம். ‘போன் இல்லாதவர்கள் கை தூக்குங்கள்’ என்று வகுப்பில் கேட்பதை மட்டும் தவிருங்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பாடக்குறிப்பு, பதிவேடு, எமிஸ், இப்போது இதுவுமா?

நியாயமான கேள்வி. மதிப்பெண்ணைக் கிளாஸ்ரூமில் போட்டு, மறுபடி நோட்டில் எழுதி, மறுபடி தளத்தில் ஏற்றச் சொன்னால் எந்த ஆசிரியரும் இதை வெறுக்கத்தான் செய்வார். கிளாஸ்ரூமின் மதிப்பெண் பட்டியலை ஷீட்ஸ் கோப்பாக இறக்கி அச்செடுக்க முடியும். அந்த அச்சைப் பதிவேடாகத் தலைமையாசிரியரும் கல்வி அலுவலரும் ஏற்றுக்கொள்வார்களா என்பதைப் பயிற்சிக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். ஏற்க மாட்டார்கள் என்றால், மதிப்பெண்ணுக்காக இதைப் பயன்படுத்தச் சொல்லி ஆசிரியரை வற்புறுத்தாமல் இருப்பதே நேர்மை. பாடப்பொருள் பகிரவும் ஒப்படைப்பு வாங்கவும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

வெளியாட்கள் உள்ளே நுழைந்துவிட மாட்டார்களா? பிள்ளைகளின் விவரங்கள் பத்திரமா?

வகுப்புக் குறியீடு தெரிந்தால் சேர முடியும் என்பதால், அதைப் பொதுக் குழுக்களில் போடக் கூடாது. எல்லோரும் சேர்ந்த பிறகு அமைப்புகளில் குறியீட்டை நிறுத்தி வைக்கலாம், அல்லது புதிதாக மாற்றிவிடலாம். அறிவிப்புகள் வரும் ஸ்ட்ரீம் பக்கத்தில் யார் எழுதலாம் என்பதையும் ஆசிரியரே கட்டுப்படுத்தலாம். தொடக்கத்தில் ஆசிரியர் மட்டும் என்று வைப்பது நல்லது.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சேர்க்கையின்போதே ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வைப்பது பள்ளிக்கும் பாதுகாப்பு. இன்னொன்று, பள்ளி கொடுத்த கணக்கின் சாவி பள்ளி நிர்வாகியிடம் இருக்கிறது. குடும்பப் படங்களையும் வங்கி விவரங்களையும் அதில் சேமிக்காதீர்கள்.

இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்களே?

டாக்ஸில் எழுதியதாக இருந்தால் அதன் பதிப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஒரு பத்தி முழுவதும் ஒரே நொடியில் வந்து உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும். கண்டுபிடித்துத் தண்டிப்பதைவிட, அந்தப் பிள்ளையை அழைத்து அந்தப் பத்தியை வாய்மொழியாக விளக்கச் சொல்வது நல்லது.

இனி நோட்டு, பேனா வேண்டாமா?

வேண்டும். தேர்வும் கையெழுத்தில்தான், பழக்கமும் கையெழுத்தில்தான் வர வேண்டும்.

ஆசிரியர் மாறுதலில் போய்விட்டால் அந்த வகுப்பு என்ன ஆகும்?

மே, ஜூனில் கலந்தாய்வு முடிந்ததும் பல பள்ளிகளில் எழும் குழப்பம் இது. வகுப்பைத் தொடங்கியவரே அதன் உரிமையாளர். சொந்த ஜிமெயிலில் தொடங்கியிருந்தால் அவரோடு அதுவும் போய்விடும். எனவே முதல் நாளே இன்னொருவரை இணை ஆசிரியராகச் சேர்த்து வையுங்கள். போகும்போது உரிமையை அவருக்கு மாற்றலாம். அவர் தன் பக்கத்தில் ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் முழுமையாகும்.

ஆண்டு முடிந்த வகுப்பை அழிக்க வேண்டாம், ஆவணமாக ஒதுக்கி வையுங்கள். அழித்ததைத் திரும்பப் பெற முடியாது. ஒதுக்கி வைத்தது பார்வைக்குக் கிடைக்கும், யாரும் புதிதாக எதுவும் சேர்க்க முடியாது. அடுத்த ஆண்டு அதே பாடம் எடுப்பவர் வகுப்பைப் படியெடுத்தால் தலைப்புகளும் ஒப்படைப்புகளும் வரைவாக வந்துவிடும். பழைய மாணவர்கள் வர மாட்டார்கள், அவர்கள் எழுதிய விடைகளும் வராது. புதிதாக வரும் ஆசிரியர் ஜூனில் வெறும் பக்கத்திலிருந்து தொடங்காமல், முன்பிருந்தவர் போட்ட வினாக்களில் தன் வகுப்புக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம். வகுப்பைக் கைமாற்றும் இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும். மாறுதல் ஆணை கையில் கிடைத்த அன்றே, பொறுப்பு ஒப்படைப்பதற்கு முன் அதைச் செய்து முடித்துவிடுங்கள்.